இருபத்திரண்டு சுரைக்கோப்பை

போங்கோவுக்கு வடக்கே
கம்பு அறுத்த தட்டைகளுக்கு நடுவே
நான்கு எஃகு முளைகள் அடித்தோம்.
வெளி இரண்டும் மின்சாரம் கொடுக்க.
உள் இரண்டும் ஒட்டுக் கேட்க.

கருவி முதல் கேள்விக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டது.
மாதக்கணக்கில் ஹர்மட்டான் வறுத்த மண்;
மின்சாரத்தைக் கையில் வாங்க மாட்டேன் என்கிறது.
முளையடியில் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.
உப்பு இருந்தது.
தண்ணீரை வழியிலேயே
வண்டியின் ரேடியேட்டர் குடித்துவிட்டது.

அயின்போகா தலையிலிருந்து பேசினை இறக்கினாள்.
இரண்டு மணி நேர நடை அதில் தளும்பிக்கொண்டிருந்தது.
பக்கத்தில் பம்ப் இல்லாமல் இல்லை,
பள்ளிக்கூடத்து வாசலில் சங்கிலி போட்டுக் கிடக்கிறது.
ஃபுளோரைடு.
அவள் மகள் சிரிக்கும்போது
வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள்.

"தண்ணீர் இருக்கிறதா என்று கேட்க
தண்ணீரா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல.

அஸுரே கிழக்கே கேபிளை இழுத்தான்.
அயம்பிரே மேற்கே.
ஒவ்வொரு அளவுக்கும் வெளிமுளைகள் இன்னும் தள்ளிப் போகும்,
ஒவ்வொரு முறையும் புதுத் துளை, புதுத் தாகம்.
உள்முளைகளுக்கு என் பாட்டிலில் மிஞ்சியது போதும்.
வெளியே ஊற்ற அவள் எங்களை விடவில்லை.
தாய் ஒரு திசை, மகள் ஒரு திசை,
சுரைக்கோப்பை சுரைக்கோப்பையாக,
விளிம்பை விரலால் வழித்து.

மண் சீறிக்கொண்டு குடித்தது.
எண்கள் வந்தன.

நானூறு. இருநூற்றுப் பத்து. தொண்ணூறு.
எழுபது ஓம்-மீட்டரில்
என் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
வளைவு தூளியாய்த் தொய்ந்து
பிறகு செங்குத்தாய் ஏறிற்று:
அடியில் கருங்கல்,
உள்ளே யாரும் இல்லை என்கிற கதவு.

"இருக்கிறதா?"

இருக்கலாம். சிதைந்த பாறையின் இடுக்கில்.
ஆனால் களிமண்ணும் இதே குரலில்தான் பேசும்.
நீரை மடியில் வைத்துக்கொண்டு
ஒரு சொட்டு விடாத களிமண்.

அவள் சிரித்துவிட்டாள்.
"அப்படி ஒரு கொழுந்தன் எனக்கும் உண்டு."

இருந்தாலும் குடிக்கலாமா, பல் தாங்குமா
என்பது இந்தப் பெட்டிக்குத் தெரியாது.
அதை அவளிடம் சொன்னேன்.
அதற்கு அவள் சிரிக்கவில்லை.

நடுவில் ஒரு கம்பு ஊன்றி
சிவப்பு ரிப்பன் கட்டினேன்.
துளையிடும் வண்டி வர மூன்று வாரம்,
பாலம் சரியாக இருந்தால்.

படிவத்தில் தேதி உண்டு, ஆழம் உண்டு,
பேட்டரி எத்தனை வோல்ட் என்றுகூட உண்டு.
ஊற்றியதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், பென்சிலால்:
அயின்போகா, 22.

காலிப் பேசினைக் கவிழ்த்துத் தலையில் வைத்து
வெயிலுக்குத் தொப்பியாக்கி
வந்த வழியே மறுபடி நடந்தாள்,
மகள் பின்னால்.

அந்த நேர்கோட்டில் முதல் பொட்டுகள் உலர்ந்துவிட்டன.
கடைசி நான்கு மட்டும் கறுப்பாய்.
எங்கிருந்தோ கினிக்கோழிகள் வந்து
அந்த உப்பு ஈரத்தைக் கொத்தின,
தலையை உதறின,
மறுபடி கொத்தின.