உறவுமுறை

ஹட்டன் நீதிமன்றில் எனக்குச் சம்பளம்
ஒரு வாயிலிருந்து வாங்கி
இன்னொரு காதில் வைப்பதற்கு.

புதன்கிழமை. சிறுவர் வழக்குகள்.
கூண்டில் ஜெயந்திமாலா.
விரலிடுக்கில் கொழுந்துக் கறை,
காலில் இரவல் செருப்பு.

நிதுஷனுக்கு நீங்கள் என்ன முறை?
சின்னம்மா, என்றாள்.
புஞ்சி அம்மா, என்றேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
இவ்வளவு சுலபமாய் ஒரு சொல் கரையேறியதில்லை.
நீதவான்கூட ஒரு கணம்
யாரையோ நினைத்துக்கொண்டார்.

தாயின் தங்கையா?
இல்லீங்க.
தகப்பன் வழியா?
இல்லீங்க. பக்கத்துக் காம்பரா.

நன்னடத்தை உத்தியோகத்தர் எழுந்தார்.
நல்ல மனிதர்தான், மழையில் லயம்வரை ஏறிப் பார்த்தவர்.
தாய் குவைத்தில், பத்து மாதமாய்ப் பேச்சில்லை.
இரத்த உறவு இல்லை. காணி உறுதி இல்லை.
கதவில் இலக்கம் இல்லை.
பதுளையில் ஓர் இல்லத்தில் கட்டில் இருக்கிறது.
தமிழில் சொல்லும்போதுதான் கவனித்தேன்:
இல்லை இல்லை என்று நடந்து
இல்லத்தில் போய் முடிந்தது அறிக்கை.

பின் வாங்கில் பதினேழு பேர்.
இன்றைக்குப் பேர் விழாது என்று தெரிந்தே
பஸ் ஏறி வந்தவர்கள்.
வழக்கில் அவர்களுக்கு இடமில்லை,
வாங்கில் இருந்தது.

பிள்ளைக் காம்பரா ஆயா பராசக்தி
முந்தானைக்குள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள்.
கொண்டுவந்தவர், கூட்டிப்போனவர்,
நான்கு வருடக் கையெழுத்து.
வாசியுங்கள், என்றார் நீதவான்.
ஜெயந்திமாலா. ஜெயந்திமாலா.
அவளுக்குக் காய்ச்சலான வாரம்
மூன்றாம் காம்பரா முனியாண்டி.
ஜெயந்திமாலா.
மண் சரிந்த நாளில் பெருவிரல் ரேகை மட்டும்,
யாருடையதோ.
ஜெயந்திமாலா.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லையே, என்றார்
யாரிடமும் அல்லாமல்.

யாரும் கேட்காமலே அவள் பேசினாள்:
நம்ம புள்ளதானுங்களே, ஐயா.

எங்க புள்ள என்றிருக்கலாம்.
நம்ம என்றாள்.
அந்த ஒரு சொல்லுக்குள் பதினேழு பேரும்
உத்தியோகத்தரும் நீதவானும்
நெருக்கியடித்து ஏறிவிட்டார்கள்.
சிங்களத்தில் இரண்டுக்கும் அபே.
அபே, என்றேன்.
சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டுவதில்லை என்று
சத்தியம் செய்தவன் நான்.
கூட்டவில்லை.
கை மட்டும் தானாக
நீதவானின் மேசைப் பக்கம் நீண்டது.
வழக்கேட்டில் அது வராது.

அடுத்த தவணை பதினான்காம் திகதி.
அதுவரை பிள்ளை லயத்தில்.

படியிறங்கும்போது
செருப்பைக் கழற்றி உரியவளிடம் கொடுத்தாள்.