ஒன்பது மில்லிமீட்டர்

விரல்கணுவால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
கான்கிரீட் என்றால் விரல் வலிக்கும்.
ஜிப்சம் என்றால்
காலி டப்பாவிலிருந்து வருவது போல ஒரு பதில்.

குன்சான் துறைமுகத்துக்குப் பின்னால்
எங்கள் குடியிருப்பில் ஆறு கட்டடம், எழுநூற்று இருபது வீடு.
ஒவ்வொரு பால்கனியிலும்
பக்கத்து வீட்டைப் பார்த்து ஒரு சுவர்,
உடைப்பதற்கென்றே வைத்தது.
வாசலைத் தீ அடைத்துக்கொண்டால்
உதைத்துத் தள்ளிவிட்டு அடுத்த வீட்டுக்குள் போய்விடலாம்.
கட்டியவனுக்குத் தெரியும். சட்டத்துக்குத் தெரியும்.
பராமரிப்பு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்
எனக்கும் தெரியும்.

என் மேசையின் மூன்றாவது இழுப்பறையில்
அதைச் சொல்லும் ஸ்டிக்கர்கள் இருந்தன.
பச்சை நிறம், ஓடுகிற மனிதன், ‘இங்கே உதைக்கவும்’.
நான்கு வருடம் இருந்தன.
லிஃப்ட் பழுது வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது,
பார்க்கிங் சண்டை வந்தது.
கட்டியிருந்த ரப்பர் பேண்ட் இற்றுப்போய்
காகிதத்தோடு காகிதமாக ஒட்டிக்கொண்டது.

பிப்ரவரி. விடிவதற்கு வெகுநேரம் முன்னால்.
1104-இல் சூடேற்றும் மின்பாய் பற்றிக்கொண்டது.
தாக் மிரான் இறால் தொழிற்சாலையின் இரவு ஷிஃப்ட் முடித்து
வந்து படுத்து ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை.
அவளும் இரண்டு பையன்களும்
வாசலுக்குப் போக வழியில்லாமல் பால்கனிக்கு வந்தார்கள்.
சன்னலைத் திறந்தார்கள். கீழே பத்து மாடி இருட்டு.
சுவரைத் தட்டினார்கள்.

தட்டினார்கள். உதைக்கவில்லை.
நேரங்கெட்ட நேரத்தில் எழுப்புகிறோமே என்று
கூச்சத்தோடு ஒரு கதவைத் தட்டுவது போல
தட்டியிருப்பாள், முதலில்.

1103-இல் குக் ஜேபில்.
மீன்பிடிக் கப்பலில் முப்பது வருடம் எஞ்சினோடு கிடந்தவர்,
இனிமேல் ஒரு சத்தமும் வேண்டாம் என்று வீடு வாங்கியவர்.
பையன்கள் ஓடுகிறார்கள் என்று ஏழு புகார்;
ஏழையும் பதிவேட்டில் எழுதியது நான்தான்.
அவர் பக்கத்தில் சுவரே தெரியாது.
இரும்பு அலமாரி, நெத்திலிச் சாறு ஜாடிகள் பதினாறு,
ஓடாத மின்விசிறி ஒன்று.
எழுந்து வந்து
அலமாரியின் பக்கவாட்டில் முஷ்டியால்
திருப்பித் தட்டினார்.
‘சும்மா இருங்க.’

கொஞ்ச நேரத்தில்
சும்மா ஆகிவிட்டது.

விசாரணைக் குழு வந்தது, சுவரை அளந்தது.
அமைச்சகத்து ஆள் தன் உரையில்
‘பாடம்’ என்ற சொல்லைப் பதினோரு தடவை சொன்னார்.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
அன்றைக்கு வேறெதையும் என்னால் எண்ண முடியவில்லை.

மே மாதம் ஒத்திகை.
1103-இன் அலமாரி போய்விட்டது, சுவர் புதிது.
‘யாராவது உதைத்துக் காட்டுங்கள்’ என்றார் தீயணைப்பு அதிகாரி.
ஒருவருக்கும் கால் எழவில்லை.
சரிபண்ணும் செலவு யார் தலையில் என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
ஜேபில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்,
யார் வீட்டுக்கோ விருந்துக்குப் போகிறவர் போல.
ஒரே உதை.
முழங்கால்வரை போய்விட்டது கால்.
ஓட்டையிலிருந்து புதுப் பெயின்ட் வாசனை,
ஆளில்லாத வீட்டின் குளிர்.
காலை வெளியே எடுக்காமலேயே என்னைப் பார்த்தார்.
‘இவ்வளவுதானா.’
அதில் கேள்விக்குறி இல்லை.
‘இவ்வளவுதான்’ என்றேன்.

இன்று 502.
வாஷிங் மெஷினை நகர்த்த மாட்டேன் என்கிறாள் வீட்டுக்காரி.
இந்த வழியாகத் திருடன் வந்தால் என்று கேட்கிறாள்.
பதில் சொல்லவில்லை, ஒரு பக்கம் பிடிக்கிறேன்.
முணுமுணுத்தபடி மறுபக்கம் பிடிக்கிறாள்.
ஸ்டிக்கரின் பசை காய்ந்துவிட்டது,
டேப் போட்டு ஒட்டுகிறேன்.
ஒட்டிவிட்டு, பழக்கம், விரல்கணுவால் தட்டுகிறேன்.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ
எரிச்சலோடு
திருப்பித் தட்டுகிறார்கள்.

கருவிப்பையை அங்கேயே போட்டுவிட்டு
501-இன் அழைப்பு மணிக்கு ஓடுகிறேன்.