மறுமணம் செய்துகொள்ளவில்லை

பாலக்கோடு சார்நிலைக் கருவூலம்,
மூன்றாவது மேசை, நான்.
இந்த மாதம் முழுக்க
ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்கும் வேலை.

சாலம்மாள் வந்தாள்.
வனக்காவலராயிருந்து காய்ச்சலில் போன
நஞ்சப்பனின் மனைவி.
விதவை என்றால் ஒரு தாள் கூடுதல்:
'மறுமணம் செய்துகொள்ளவில்லை என
இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.'
பெண்டாட்டியை இழந்த ஓய்வூதியர் யாரும்
இதில் கையெழுத்துப் போடுவதில்லை.
அவர்களுடையது சொந்தச் சம்பாத்தியம்.

"அந்தப் புதுச் சட்டம் வந்துடுச்சுங்களா மேடம்?"
மூன்று வருடமாய் இதே கேள்வி.
மறுமணம் செய்தாலும் பென்ஷன் நிற்காது
என்றொரு வரைவு.
போன திருத்தத்தில் 'நிற்காது' போய்
'நிறுத்தப்படாமல் இருக்கலாம்' ஆகியிருந்தது.
"இன்னும் இல்லீங்க."
போட்டாள்.
கடைசி எழுத்தின் வால்
கோட்டைத் தாண்டி ஓடிற்று.

ரேகை விழவில்லை.
தக்காளிப் பெட்டி தூக்கித் தூக்கி
மழுங்கிய விரல்.
மறுபடி. மறுபடி.
"ஈரம் இருக்கு, துடைச்சுட்டு வைங்க."

வாசலில் நின்ற ஆள் உள்ளே வந்தார்.
மண்டியில் எடை போடும் திம்மராயன்.
துண்டில் காய்ந்த முனை எதுவென்று தேடி
அவள் கட்டைவிரலைத் துடைத்தார்,
நகக்கண் வரைக்கும்,
லாரி காத்திருக்காத ஒரு நாளில் துடைப்பதுபோல.
வரிசையில் பேச்சு நின்றது.

"இவரு யாரும்மா?"
கேட்டது நானில்லை, பக்கத்து மேசை.
"கூட வந்தவருங்க."

பச்சை விளக்கு எரிந்தது.

என் பணிப்பதிவேட்டிலும் ஒரு கணவர் உண்டு.
பத்து வருடமாய் பர்கூரில்.
விவாகரத்து இல்லை, வழக்கில்லை,
அடைக்காத சீட்டுபோல அப்படியே கிடக்கிறது.
நாளைக்கு எனக்கு ஏதாவதென்றால்
பணம் அவருக்குப் போகும்.
தங்கச்சி பேரை எழுதலாமா என்று கேட்டதற்கு
"வரைவுல வருதும்மா" என்றார் கண்காணிப்பாளர்,
டீயை ஆற்றிக்கொண்டே.

ஜன்னல் வழியே பார்த்தேன்.
எக்ஸ்எல்லில் ஒருக்களித்து உட்கார்ந்தாள்.
இருவருக்கும் நடுவே ஒரு சாண்,
அதில் பாஸ்புக் வைத்த மஞ்சள் பை.

பெல்ரம்பட்டித் திருப்பம் வரை
அந்தச் சாண் அப்படியே இருந்தது.
அதற்கப்புறம் என் ஜன்னலுக்குத் தெரியாது.
யார் கேட்டாலும்
அப்படித்தான் எழுதித் தருவேன்,
முத்திரையோடு.