கேத்திச் சரிவு, நான்காம் கோடு

சம்மட்டி விழும்போது பெள்ளிராஜ் மூச்சு விடுவதில்லை.
விட்டால் அதுவும் பதிவாகிவிடும் என்று
யாரோ விளையாட்டாகச் சொன்னதை நம்பிவிட்டார்.
நானும் திருத்தவில்லை.
அடி சுத்தமாக விழுகிறது.

இரும்புத் தட்டில் ஓர் அடி.
இரண்டு மீட்டருக்கு ஒன்றாய் நாற்பத்தெட்டு ஜியோபோன்கள்,
தண்ணீர் டேங்க் மேட்டிலிருந்து கேரட் படிகள்வரை
இறங்கும் ஒற்றைக் கோடு.
வழியில் ஒன்பது வீடுகள்.
போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஆறாவது வீட்டுச் சுவரில்
விரல் நுழையும் விரிசல்.

டீ ஃபேக்டரி விசிறிகள் ஓயக் காத்திருந்தோம்.
ஊட்டி ரயில் வளைவு தாண்டக் காத்திருந்தோம்.
யார் வீட்டிலோ கிரைண்டர் ஓடியது;
திரையில் அது சீப்புப் பற்களாய் வந்து நின்றது.
மாவு பொங்கும் நேரம் பார்த்து மலையைக் கேட்க முடியாது.

இரவு. குன்னூர் லாட்ஜ். கம்பளிக்குள் லேப்டாப்.

முதலில் ஒரு பொய் சொல்ல வேண்டும்:
மேலே செம்மண், நடுவில் உளுத்த பாறை,
அடியில் கெட்டிப் பாறை என்று.
அந்தப் பொய்யின் தலையில்
பெள்ளிராஜின் அதே அடியை அடிக்க வேண்டும்.
கணக்கில் வரும் அலை, வயலில் வந்த அலையோடு ஒட்டாது.
ஒட்டாத மிச்சத்தை மட்டும் எடுத்து
காலத்தைத் திருப்பிப் போட்டு
ஜியோபோன்கள் நின்ற இடங்களிலிருந்தே
மண்ணுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.
போகும் அலையும் திரும்பும் அலையும்
எங்கே முட்டிக்கொள்கின்றனவோ
அங்கே பொய்யைக் கொஞ்சம் திருத்து.
மறுபடி அடி.

அலை வந்து சேர்ந்த கணத்தை மட்டும் குறித்துக்கொண்டு
மீதியை எறிந்துவிடுகிறவர்கள் உண்டு.
எனக்கு வாலும் வேண்டும். நடுக்கம் முழுக்க வேண்டும்.

அதில் ஓர் ஆபத்து.
அரை அலைக்கு மேல் பிசகிவிட்டால்
பக்கத்து முகட்டைத் தன் முகடு என்று பிடித்துக்கொள்ளும்.
ஊட்டி பஸ் என்று கோத்தகிரி பஸ்ஸில் ஏறியவன்
ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்குவான், அப்படி.
பிழை குறையும். படம் தெளியும்.
மலைதான் வேறாக இருக்கும்.

ஆகவே தாழ்ந்த சுருதியில் தொடங்கினேன்:
ஆறு ஹெர்ட்ஸ், எட்டு, பன்னிரண்டு.
இருபத்து மூன்றாம் சுற்றுவரை பிழை இறங்கியது.
பிறகு அசையவில்லை.
31, 32, 33.
மூன்று மட்டும் முரண்டு பிடித்தன.
அவற்றைச் சமாதானப்படுத்த
ஒன்பதாவது வீட்டுக்குக் கீழே
லாரி நிற்கும் அளவுக்கு ஒரு குழியைத் தோண்டியது கணினி.

ஜெசிந்தாவை எழுப்பினேன்.
கதவைப் பாதி திறந்து, ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடி சொன்னாள்:
"மிச்சி அக்கா அன்னிக்குக் காலையிலதான்
கேரட் விதை தூவியிருந்தாங்க மேடம்.
பாத்திய மிதிக்க மனசு வரல.
மூணையும் மேல வரப்புல நட்டுட்டேன்.
ஒரு மூணு மீட்டர் இருக்கும்.
நோட்டுல எழுத மறந்துட்டேன்."

திட்டத் தோன்றவில்லை. எண்களை மாற்றினேன்.
விடிவதற்குள் அந்தக் குழி தூர்ந்துபோயிற்று,
ஒரு பிடி மண் அள்ளாமல்.

அது மறைந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது.
ஐந்தாம் வீட்டிலிருந்து ஏழாம் வீடுவரை
பதினோரு மீட்டர் ஆழத்தில்
சரிவின் போக்கிலேயே சாய்ந்த ஒரு பட்டை.
அங்கே அலை
சேற்றில் செருப்போடு நடப்பதுபோல் நடக்கிறது.
ஆரம்பப் பொய்யை நான்கு விதமாக மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.
நான்கிலும் வந்தது.

காலையில் ஒயர் எடுக்க வந்த பெள்ளிராஜ்
குனிந்து திரையைப் பார்த்தார்.
"எங்க வீடு இதுல எது?"
படத்தில் வீடுகள் இல்லை. எண்கள்தான்.
"இருபத்திரண்டு," என்றேன்.
எண்ணி வந்து விரல் வைத்தார்.
"என் வெரலு எத்தன மீட்டர மறைக்குது?"
"நாலு."
விரலை எடுத்துவிட்டு அந்த இடத்தையே பார்த்தார்.
பிறகு, ஐந்தாம் கோட்டுக்கு நேரமாகிறது என்று
சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு
படியிறங்கினார்.