ஒரு சென்டிமீட்டர்

செவ்வாய் இரவு. நியூபோர்ட். தேவாலயத்தின் பின்கூடம்.
பதினோரு பேர், ஒன்பது நாற்காலி,
மூன்று கட்சி. அதில் ஒன்று
போன மாதம்தான் இரண்டானது.
இரு பாதியும் வந்திருந்தன,
ஒரே பிஸ்கட் பொட்டலத்தின் இரு முனையில்.

ஊர் கூடித் தேர் இழுப்பார்கள்.
நாங்கள் சுவரொட்டியின் மேல்வரிக்கு
ஒரு சொல்லை இழுத்துக்கொண்டிருந்தோம்.
புரட்சி விழா என்றார் கெரெய்ந்த்.
புரட்சி என்றால் பக்கத்துத் தெரு வராது என்றாள் மோர்வென்.
வராத தெருவுக்காகச் சொல்லை விற்பதா என்றார் அவர்.
கூட்டக் குறிப்பு எழுதியவன் நான்:
'விவாதம் தொடர்ந்தது', ஐந்து முறை.
கடைசியில் மேல்வரி காலியாகவே அச்சுக்குப் போனது.
அவரவர் பேனாவால் எழுதிக்கொண்டு ஒட்டினார்கள்.
ஊர் முழுக்க ஒன்பது விழா.

நான்காம் பொருள்: கதவு.
முன்வாசலில் ஏழு படி.
பக்கவாட்டில் படி இல்லை, அகலம் அறுபத்தாறு.
எலினெட்டின் சக்கர நாற்காலி அறுபத்தேழு.

'ஒரு சென்டிமீட்டர்தானே' என்றது யாருடைய குரலோ.
ஹோதன் நிமிர்ந்து பார்த்தாள்.
பேருந்து ஓட்டுகிறவள்.
ஒரு சென்டிமீட்டர் என்றால் என்னவென்று
பக்கக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறவள்.
பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள்.
நாங்கள் அடுத்த பொருளுக்குப் போவதற்குள்
கதவு சுவரில் சாய்ந்து நின்றது.
அளந்தாள். எழுபது.
திரும்ப மாட்டினாள்.
'வெள்ளி இரவு கழற்றுகிறேன்.'
அன்றைய இரவில் முடிவான ஒரே தீர்மானம்.
அதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை.

சனிக்கிழமை அந்த வழியே
முதலில் நுழைந்தது காற்று.
அஸ்க் ஆற்றிலிருந்து நேராக.
இரு பாதிக் கட்சியின் துண்டறிக்கைகளும் பறந்தன.
ஒருவர் தாளை ஒருவர் துரத்திப் பிடித்து,
மாற்றி அடுக்கினார்கள்.
இரண்டு மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை.

நுழைவுக் கட்டணம் காலணிப் பெட்டியில்:
இருப்பவர் பதினைந்து பவுண்டு,
இல்லாதவர் வெறுங்கை,
பெட்டியருகே இருப்பவர் வேறெங்காவது பார்க்க வேண்டும்.
ஒரே அண்டாவில் பருப்பு, எல்லா நம்பிக்கைக்கும்.
குழந்தைகள் பகுதியில் ஒரு தலைவர்கூடத் தேர்வாகவில்லை.
வேல்ஷ் மொழிபெயர்ப்புக்குப் பன்னிரண்டு காதணிக் கருவி;
மூன்றில் பேட்டரி இல்லை.

மூலதனத்தின் நெருக்கடி பற்றி
கையுறை போட்டுக்கொண்டு பேசினார் கெரெய்ந்த்.
நாங்கள் கையுறை போட்டுக்கொண்டு கேட்டோம்.
சைகையில் பெயர்த்த நெராலி மட்டும்
கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது.
'உழைப்பு' என்ற சொல் வரும்போதெல்லாம்
அவள் விரல்கள் இன்னும் கொஞ்சம் சிவந்தன.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு என்று
நானேதான் எழுதியிருந்தேன், கொட்டை எழுத்தில்.
நாற்பத்தோராவது நிமிடத்தில் நினைவு வந்தது.

எலினெட் வரவில்லை.
அவள் ஊர் ரயில் நிலையத்தில் லிஃப்ட் பழுது.
செய்தியில் இரண்டு சொல்: 'நாளைக்குப் பார்ப்போம்.'
எழுபது சென்டிமீட்டர் வெறுமை
நாள் முழுக்க வாசலில் நின்றது.

ஞாயிறு நான்கு மணிக்கு வந்தாள்,
வார்சமேயின் காய்கறி வேனில், லீக் கட்டுகளுக்கு நடுவே.
எங்கும் உரசாமல் உள்ளே வந்தாள்.
கைதட்டல் சிலருக்குத் தொல்லை என்று
கைகளை உயர்த்தி அசைப்பது வழக்கமாகியிருந்தது.
கூடம் முழுக்க அசைந்தது.

'எதற்கு ஆட்டுகிறீர்கள்? குளிர்கிறது.
கதவைச் சாத்துங்களேன்.'

கதவு
இரண்டு முக்காலி மேல் கிடந்தது,
விற்காத புத்தகங்களைச் சுமந்துகொண்டு.
ஹோதன் சிரித்த சிரிப்பில் தேநீர் கொட்டியது.

பிறகு அந்தச் சொல் மறுபடி வந்தது.
எலினெட் கெரெய்ந்த் பக்கம்.
மோர்வென் ஒரு மணி நேரம் பேசவில்லை.

இரவு கதவைத் திரும்ப மாட்டும்போது
ஒரு திருகாணி குறைந்தது.
கெரெய்ந்த் தரையில் முழங்காலிட்டுத் தேடினார்,
பிரிந்துபோன பாதியின் ஆள்
கைப்பேசி வெளிச்சம் பிடிக்க.
கிடைக்கவில்லை.
கதவு சற்றுச் சாய்ந்துதான் தொங்குகிறது,
காவலாளி பிராசர் அதற்கும் ரசீது அனுப்பியிருக்கிறார்.

கணக்கு முடித்தேன்:
நட்டம் இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்டு,
திருகாணி ஒன்று.
விவாதம் தொடர்கிறது.