போர்த் தண்ணி

முத்தியால்பேட்டை இருதயராஜ் கடையில்
மூன்றடித் தொட்டிக்கு மீன் கேட்டேன்.
"வரி போட்டவன் வேணாம் சார், வாலைத் தின்னுடுவான்.
மஞ்சள் எடுங்க. ஆண் ஒண்ணு, பெண் நாலு.
ஒரே நிறத்துல ரெண்டு ஆண் மட்டும்
ஆகவே ஆகாது.
கல்லை நிறைய அடுக்குங்க,
ஒருத்தன் கண்ணுல ஒருத்தன் படாம."

எங்கள் போர்த் தண்ணியில்
பருப்பு வேகாது, குழாய் வெள்ளையாய்ப் பூக்கும்.
அதைச் சொல்லித்தான் அண்ணன்
மாடிக்குத் தனிக் குழாய் இழுத்தான்.
அப்புறம் தனி மீட்டர்.
அப்புறம் தனிப் படி.

பாட்டிலில் கொண்டுபோனதில் இரண்டு சொட்டு விட்டு
நிறம் பார்த்தார் இருதயராஜ்:
"ஆப்பிரிக்கா ஏரிக்காரனுக்கு
இதைவிட நல்ல தண்ணி ஏது?"

ஐந்து பாக்கெட்டோடு வந்து இறங்க,
மாடிப் படியிலிருந்து அண்ணன் மகன்:
"சித்தப்பா, சண்டை போடுமா?"

போடும்.
கல் தூக்க வா.