பதினோரு ஆள் தண்ணீர்

ஆடிக் காற்றுக்கு ஜன்னல் திறக்க முடியாது
தாராபுரத்தில்.
தீவனக் கடைக்கு மேல் மாடி,
ஒரு மேசை, ஒரு ஸ்கேனர்,
காகிதம் பறக்காதிருக்க நான்கு வெங்கச்சாங்கல்.
பக்கத்துக்கு நாலு ரூபாய் எனக்கு.
புண்ணாக்கு வாசம் இலவசம்.

பினாங்கிலிருந்து மூன்று தகரப் பெட்டிகள்.
வக்கீல் ராசியண்ணன், மூலனூர்க்காரர்,
இருபத்தெட்டில் கப்பலேறியவர்.
யுத்தம் வந்ததும் கண்டிக்குத் தப்பி
வெள்ளைக்காரனின் உளவுப் பிரிவில்
அடுத்தவர் கடிதம் படித்தவர்.
பிறகு மறுபடியும் பினாங்கு,
மறுபடியும் கறுப்புக் கோட்டு,
எரித்ததும் அங்கேதான்.

அண்ணன் பேரன் சிவமலை
வாரம் ஒருமுறை படியேறி வருவார்.
"பத்திரம் ஏதாச்சும் கெடச்சுதுங்களா?"
இல்லைங்க.
ரப்பர் தோட்டத்து எல்லைத் தகராறு,
ஒரு சீனரின் உயில், சலவைக் கணக்கு,
பல் வைத்தியர் ரசீது பதினாறு.
அவர் முகம் போகும் போக்கில்
அந்தப் பற்களுக்கெல்லாம்
நான்தான் மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருக்கும்.

இரண்டாவது பெட்டியில் யுத்தம்.
இவ்வளவு சின்னதாக இருக்குமென்று நினைக்கவில்லை.
செத்தவன் சட்டைப்பையில், பிடிபட்டவன் மடியில்
எடுத்த தமிழ்க் கடிதங்கள்.
ஓரத்தில் மேஜரின் சிவப்புப் பென்சில்,
கீழே இவருடைய பச்சை மை.
செவலை யார்?
காளை.
கண்ணில் பூ விழுந்தது என்றால்?
பார்வை மங்கியது. காளைக்குத்தான்.
கொழுந்தியாள் என்பது எந்தப் படைப்பிரிவு?
இதற்குப் பதில் இல்லை.
பச்சையில் ஒரு பொட்டு மட்டும்,
சிரிப்பை அடக்கப் பேனாவை ஊன்றியிருக்கலாம்.

பிறகு நாட்ராயன் கடிதம்.
வெள்ளகோயில் பக்கத்து ஆள்,
எதிர்ப்பக்கத்துப் பட்டாளத்திலிருந்து
பங்காளிக்கு எழுதியது, பாதி வழியில் சிக்கியது.
"மேக்கால கெணத்துல பதனோரு ஆள் தண்ணி நிக்குது.
சித்ரா பௌர்ணமிக்குள்ள எறச்சு வுட்ரு."

யார் அந்தப் பதினோரு பேர்?
ஆட்கள் அல்ல. ஆழம்.
ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறி நின்றால்
எத்தனை பேர் முழுகுவார்களோ அத்தனை ஆள் தண்ணீர்.
எங்கள் பக்கம் கிணற்றை இப்படித்தான் அளப்போம்.
உளவு விஷயம் எதுவுமில்லை.
மேஜர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

தாளின் பின்புறம், பென்சிலில், தமிழில்,
யாருக்கும் அல்லாமல் ஒரு வரி:
'சித்திரை மாசம் வெள்ளகோயில் காட்டில்
பதினோரு ஆள் தண்ணீர்!'

நான் வெள்ளகோயிலுக்கு வாழ்க்கைப்பட்டவள்.
சித்திரையில் அங்கே கிணற்றுக்குள்
புறா கூடு கட்டியிருக்கும்.
அவருக்கும் தெரியும்.
தெரிந்துதான்
தண்ணீர் என்று எழுதினார்.

அதனோடு ஒரே குண்டூசியில் குத்திய
இன்னொரு தாள், தட்டச்சு.
ஆற்றுத்துறைச் சாவடி,
பௌர்ணமிக்கு முந்தின இரவு,
காவலில் இருந்து இறந்தவர்கள் நால்வர்.
மூன்றாவது பெயர் செல்லாண்டி.
ஊர், மூலனூர்.

பச்சை மை இல்லை.
பென்சில் இல்லை.
அவர் சாகும்வரை இருபத்தேழு வருஷம்
அந்தக் குண்டூசி மட்டும்.

துருப்பிடித்த ஊசியை எடுத்துவிட வேண்டுமென்பது விதி.
சுண்டுவிரல் நகத்தால் நெம்பி எடுத்தேன்.
எடுத்ததும்
ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாத
இரண்டு தாள்கள்.
கடிதம் ஒரு கோப்பு. பட்டியல் வேறு கோப்பு.
பொருள் என்ற கட்டத்தில்
கடிதத்துக்கு 'நீர்ப்பாசனம்' என்று அடித்தேன்.
அழித்தேன்.
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.

படியில் செருப்புச் சத்தம்.
"ஏதாச்சும் கெடச்சுதுங்களா?"
இல்லைங்க என்றேன்,
வெங்கச்சாங்கல்லை நகர்த்தி வைத்தபடி.

அவர் போனபின்
நிலை என்ற கட்டத்தில்
இரண்டு தாளுக்கும் ஒன்றேபோல் எழுதினேன்:
இடது மேல்மூலையில் துளை,
சுற்றிலும் துருக்கறை.